இரண்டரை மணி பிந்திய கணினி

எங்கள் வீட்டுக் கணினி ஏறக்குறைய ஒரு மாதம் இரண்டரை மணி நேரம் பிந்தி ஓடியது. மாமாவால் சரிசெய்ய முடியாத அந்தக் கோளாறைச் சரிசெய்தவள் நான். பத்து வயதில் எனக்கு அடங்காத வாய், அதைவிட அடங்காத கை. ஐந்தாம் வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் லீடர் பதவி என்னிடம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதவியை நான் கழற்றி வைத்ததில்லை.

அத்தா, அதாவது என் அப்பா, குவைத்துக்கு வேலைக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. போவதற்கு முந்தின வாரம், அம்பத்தூரில் யாரோ அலுவலகத்தைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு கணினியை ஆட்டோவில் தூக்கி வந்து எங்கள் கரையான்சாவடி வீட்டுக் கூடத்தில் வைத்தார். முதுகு பெருத்த திரை, ஓடும்போது உறுமுகிற பெட்டி, திரையின் உச்சியில் கிளிப் போட்டு மாட்டிய ஒரு கேமரா. அப்போதே அது பழைய சரக்குதான். அம்மா தன் துப்பட்டா ஒன்றைத் தைத்து அதற்கு உறை போட்டாள். குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு முடித்து, நமக்கு நாலரை மணி ஆகும்போது அத்தா வீடியோ காலில் வருவார். மற்ற நாட்களில் அம்மாவின் பட்டன் போனில் இரண்டு நிமிடம் குரல் மட்டும் வரும். முகம் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைதான், அந்தக் கணினிதான்.

இரண்டு வருடத்தில் அது நொந்துபோயிற்று. சுவிட்சைப் போட்டுவிட்டு அம்மா அரிசி களைந்து உலையில் போடுவாள். சோறு வெந்து வடிக்கிற நேரத்துக்குத்தான் திரையில் பச்சைப் புல்வெளி வரும். அதன் மேல் அத்தா தன் இஷ்டத்துக்கு இறைத்து வைத்திருந்த படக்குறிகள் ஒவ்வொன்றாக முளைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அத்தா, "இந்த நோன்புக்கு லீவு..." என்று ஆரம்பித்தார். படம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்து, ஒரு கண் பாதி மூடி, தும்மப் போகிறவர் மாதிரி இருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. திரை முழுக்க நீலமாகிற வரைக்கும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லீவு கிடைக்கவில்லை என்பதைத்தான் அவர் சொல்ல வந்திருக்கிறார். அன்று மாலை போனில் அதைக் கேட்ட அம்மா, "சரி, பரவால்ல" என்று மூன்று தடவை சொன்னாள். பிறகு மாமாவுக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து கணினியைப் பார்க்கச் சொன்னாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருமுல்லைவாயிலில் அறை எடுத்துத் தங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். அவருக்கு லினக்ஸ் பைத்தியம் பிடித்திருந்தது. இலவசமாகக் கிடைக்கிற சிஸ்டம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்று யார் மாட்டினாலும் பிடித்து உட்காரவைத்துப் பேசுவார். அதற்குப் பயந்தே எங்கள் தெருவில் சிலர் அவரைக் கண்டால் சந்து மாறிப் போவார்கள். எங்கள் கணினியின் நோவு அவருக்குப் பிரியாணி கிடைத்த மாதிரி ஆயிற்று.

பெட்டியைத் திறந்து தூசி தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிஷின் நல்லா கீதுக்கா. உள்ள ஏத்தி வச்சிக்கிற சிஸ்டம்தான் வெயிட்டு. வயசான மனுசன் தலையில சிமென்ட் மூட்டைய வச்சா அவன் எப்டி நடப்பான்? வெயிட்டே இல்லாத சிஸ்டமா பாத்து போட்டுட்டா இன்னும் அஞ்சு வருசம் ஓடும்."

"போடு. ஆனா அவர் வச்சிட்டு போனது ஒண்ணு கூட அழியக்கூடாது" என்றாள் அம்மா.

அங்கேதான் சிக்கல். புதிய சிஸ்டத்தைப் போட்டால் பழையது முழுக்கத் துடைத்துக்கொண்டு போகும். கல்யாணப் படங்கள், நான் மொட்டைத்தலையோடு இருக்கிற படங்கள், அத்தாவின் இறைந்து கிடக்கும் படக்குறிகள் எல்லாம். படங்களை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மாமா சொல்லியும் அம்மா அசையவில்லை. கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். எதையும் அழிக்காமல், புதிய சிஸ்டத்தை சீடியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் சீடியை உருவிவிட்டால் பழையது இருந்தபடியே இருக்கும். ஒரே ஒரு குறை, சீடியில் ஓடுகிற சிஸ்டத்துக்கு ஞாபகம் நிற்காது. அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். மறுபடி போடும்போது, நீ யார், எந்த பாஷை, எந்த ஊர் என்று முதலிலிருந்து கேட்கும்.

பகலில் நான் பள்ளிக்கூடம் போய்விடுவதால், அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாமா அம்மாவைப் பழக்கினார். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். கேமரா அணைந்திருக்கிறது என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் அதன் முன்னால் அவள் முக்காடு இல்லாமல் உட்கார்ந்ததே கிடையாது.

"இப்ப ஊரு கேக்கும். ஆசியாவ அமுக்கு. பட்டியல் வரும். அதுல கல்கத்தா."

"மெட்ராஸ் இல்லியா?"

"இல்லக்கா. இந்தியா மொத்தத்துக்கும் அந்த ஒரு பேருதான் வச்சிக்கிறானுங்க."

"நல்லா கீது. நமக்கு கல்கத்தாவுல யாருடா கீறாங்க?" என்றாள் அம்மா.

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதில் எனக்கு அந்த வயதில் தனி சந்தோஷம் இருந்தது.

மாமா மூன்று சீடிகள் கொண்டுவந்திருந்தார். மூன்றுக்கும் வாயில் நுழையாத பெயர்கள். ஒன்றின் படத்தில் நாய்க்குட்டி, ஒன்றில் சுண்டெலி, ஒன்றில் சிட்டு. நான் அப்படியே கூப்பிட்டேன். வாரத்துக்கு ஒன்று ஓட்டுவது, வெள்ளிக்கிழமை அத்தாவின் காலில் வைத்துச் சோதிப்பது, ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் குறைகளைச் சொல்வது என்று ஏற்பாடு. குறைகளை எழுத நான் தனி நோட்டுப் போட்டேன். அட்டையில் என் பெயருக்குக் கீழே 'பரிசோதகர்' என்று எழுதிக்கொண்டேன். யாரும் என்னை நியமிக்கவில்லை.

நாய்க்குட்டிதான் முதலில். சீடியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் 'வவ்' என்று நிஜமாகவே குரைத்தது. அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். "இது இன்னாடா, ஊட்டுக்குள்ள நாய வுட்டுட்டு போறான்" என்று மாமாவைத் திட்டினாலும், அரிசி களைவதற்குள் அது தயாராகி நின்றது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை அத்தா முகம் வந்தது, குரல் வரவில்லை. கால் மணி நேரம் சைகையிலேயே பேசினோம். அத்தா வயிற்றைத் தட்டிக் காட்டி, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அம்மா கையைக் கவிழ்த்து, ஆயிற்று என்றாள். கணினியை அணைத்த பிறகும் அவள் அந்தக் கையை மடியில் கவிழ்த்தபடியே வைத்திருந்தாள்.

நான் நோட்டில் இரண்டு குறைகள் எழுதினேன். ஒன்று, சத்தம் இல்லை. இரண்டு, கடிகாரம் இரண்டரை மணி நேரம் மெதுவாக ஓடுகிறது.

இரண்டாவதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை. நாலேகாலுக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவேன். கணினி திறந்திருக்கும், அதில் எதுவும் ஓடாது. வெறும் திரை, வலது மூலையில் மணி மட்டும் ஒன்றே முக்கால் என்று காட்டும். அதன் எதிரே அம்மா தரையில் உட்கார்ந்து, டெய்லர் கடைக்காரர் கொடுத்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருப்பாள். எதற்கு இதைப் போட்டு வைத்திருக்கிறாய், கரண்டு சும்மா வருகிறதா என்று நான் அதட்டுவேன். "சும்மா. ஓடாமலே வச்சா கெட்டுப் போயிடும்னு உங்க மாமன்தான் சொன்னான்" என்பாள். மாமா அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சில நேரம், கொக்கி தைத்துக்கொண்டே நிமிர்ந்து மூலையைப் பார்த்துவிட்டு, "இப்பதான் சாப்புட்டு முடிச்சிருப்பாரு" என்பாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், "சும்மா சொன்னேன், நீ போய் மூஞ்சி கழுவு" என்று விரட்டுவாள்.

மாமா மணியைச் சரிசெய்ய வந்தார். பெட்டிக்குள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், அது தீர்ந்திருக்கும் என்று மெயின் ரோட்டு வாட்ச் கடையில் புதுசு வாங்கி வந்து போட்டார். அடுத்த வாரம் சுண்டெலி. அதுவும் இரண்டரை மணி மெதுவாகத்தான் ஓடியது. அத்தாவின் குரல் வந்தது, முகம் வந்தது, ஆனால் இரண்டும் சேர்ந்து வரவில்லை. அவர் வாய் மூடிய பிறகு பேச்சு வந்தது. மாமா தலையைச் சொறிந்துகொண்டார்.

"அஞ்சரை மணி நேரம் கொறைவா காட்டுனா ஏன்னு தெரியும். ஊரையே சொல்லலன்னா லண்டன் டைம் காட்டும். இதென்னமா ரெண்டரை? எந்த கணக்குலயும் வரலியே."

"எல்லா சிஸ்டமும் தப்பு" என்றேன் நான்.

மூன்றாவது வாரம் சிட்டு. அந்த வெள்ளிக்கிழமையை என்னால் மறக்க முடியாது. நாலரைக்கு அத்தா வந்தார். முகமும் குரலும் ஒன்றாக வந்தன. அவர் கையைத் தூக்கினால் கை அப்போதே எழுந்தது. பின்னால் இரண்டடுக்குக் கட்டில், கட்டிலின் கம்பியில் காயப்போட்ட அவருடைய கோடு போட்ட லுங்கி வரைக்கும் தெரிந்தது. "தெரியுதா?" என்று கேட்டார் அத்தா. "தெரியுது" என்றாள் அம்மா. "நல்லா தெரியுதா?" "நல்லா தெரியுது." அதையே நாலைந்து தடவை கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது. நான் வாங்கிய மதிப்பெண்களைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை.

அன்றே அம்மா முடிவு செய்துவிட்டாள். சிட்டுவே இருக்கட்டும் என்றாள்.

அந்த ஞாயிறு மாமா வந்தபோது சிட்டு சீடியில் ஓடிக்கொண்டிருந்தது, வழக்கம்போல இரண்டரை மணி பிந்தி. நான் நோட்டை நீட்டினேன். அவர் மூலையில் இருந்த மணியை அழுத்தி உள்ளே போய்ப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார். அங்கே அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா திரையில் திறந்ததை மூடிவிட்டு, என் தலையில் லேசாகத் தட்டினார்.

"வுட்டுடும்மா. வயசான மிஷினு, அப்டிதான் ஓடும்."

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இவ்வளவு பேசுகிறவர், ஒரு கடிகாரத்துக்குத் தோற்றுவிட்டாரே என்று இருந்தது. நோட்டில் 'மாமா சரியாகப் பார்க்கவில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

படங்களையெல்லாம் நாலு சீடிகளில் ஏற்றி, அம்மா அவற்றைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்த பிறகு, மாமா சிட்டுவை நிரந்தரமாகப் போட்டார். இனி அது எதையும் மறக்காது. எதையாவது மாற்றும்போது மட்டும் கேட்கிற பாஸ்வேர்ட் ஒன்று வைக்கவேண்டும் என்றதும் நான் முந்திக்கொண்டேன். என் பெயரும் வகுப்பில் என் வரிசை எண்ணும். ஊர் கேட்டபோது மாமா நாற்காலியிலிருந்து எழுந்து, "அக்கா, இத நீயே போடு" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

நோன்பு மாதம் பிறந்தது. பள்ளிவாசலிலிருந்து தூக்கில் கஞ்சி வாங்கி வருவது என் வேலை. பாங்கு சொன்னதும் அம்மா ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொள்வாள். எனக்குக் கஞ்சியை ஊற்றிக் கொடுப்பாள். தன் கிண்ணத்தைத் தட்டு போட்டு மூடி, கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், "சூடா கீது, ஆறட்டும்" என்பாள். நான் பாடம் முடித்துக் கண் சொக்குகிற நேரத்தில்தான் அந்தத் தட்டை எடுப்பாள். அதற்குள் கஞ்சி பாளம் பாளமாக ஆகியிருக்கும். அம்மாவுக்குக் கஞ்சி பிடிக்காது என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நோன்பன்று, அம்மா கடைக்குப் போயிருந்த சமயத்தில் நான் கணினியின் மணியை அழுத்தி உள்ளே போனேன். மாமா போன அதே வழி. ஊர் என்ற இடத்தில் குவைத் என்று இருந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். கல்கத்தாவுக்கு நாலு வரி கீழே குவைத். அம்மாவுக்கு மவுஸ் இன்னும் கைக்குப் பழகவில்லை. நாலு வரி வழுக்கிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று வாரமாக, தினம் தினம், ஒவ்வொரு தடவையும் சரியாக அதே நாலு வரி எப்படி வழுக்கும் என்று பரிசோதகருக்குத் தோன்றவில்லை. பாஸ்வேர்டைப் போட்டு, கல்கத்தாவை அழுத்தினேன். மணி இரண்டரை மணி நேரம் முன்னால் தாவிச் சரியான இடத்தில் நின்றது.

அம்மா வந்தவுடன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். இவ்வளவு நாளும் நீ தப்பான ஊரைப் போட்டிருக்கிறாய், குவைத்தில் இருப்பது அத்தா, கணினி இருப்பது கரையான்சாவடியில், அது கேட்பது கணினி இருக்கிற ஊரை என்று வகுப்பே எடுத்தேன். அம்மா பையை இறக்காமல் நின்று கேட்டாள். அவள் முகம் சிவந்தது. நான் அதைத் தப்பு செய்தவளின் வெட்கம் என்று நினைத்தேன்.

"சரிம்மா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "அந்த பாஸ்வேர்டு இன்னாம்மா?" என்று கேட்டாள், ஏதோ உப்பு இருக்கிறதா என்று கேட்பதைப் போல.

"சொல்ல மாட்டேன். நீ மறுபடி தப்பா வப்பே" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டு, என் பென்சிலை வாங்கிச் சீவிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. பகலில் கணினியைப் போட்டு வைப்பதும் நின்றுவிட்டது. கரண்டு மிச்சம் என்று நான் பாராட்டினேன். துப்பட்டா உறை வெள்ளிக்கிழமை மட்டும் விலகியது.

ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்தது. கொக்கி தைக்கும்போதும், மூடிய கஞ்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். உதடு மெல்ல அசையும். நோன்பு மாதமாயிற்றே, இறைவன் பெயரை எண்ணித் திக்ரு செய்கிறாள் என்று நினைத்து நான் சத்தம் போடாமல் ஒதுங்கி நடப்பேன். இவ்வளவு சீக்கிரம் முடிகிற திக்ரு என்ன என்று மட்டும் ஒரு நாள் யோசித்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. அத்தா அந்த வருடமும் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை.

போன மாதம் படிக்க வந்த இடத்தில், ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில், பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். எனக்கு முன்னால் மூன்று மாணவர்கள் அதைத் தேய்த்திருந்தார்கள். பழக்க தோஷம், சிட்டுவையே தேடிப் போட்டேன். இப்போது அது இன்னும் வேகம். பாஷை கேட்டது, பெயர் கேட்டது. ஊர் கேட்டது. நான் இருக்கும் நாட்டின் தலைநகரத்தைத்தான் அழுத்தவேண்டும். கை அதைத் தாண்டிப் போயிற்று. ஆசியாவைத் திறந்து, கீழே கீழே இறங்கி, மெட்ராஸ் இல்லாத அந்தப் பட்டியலில் கல்கத்தாவின் மேல் வந்து நின்றது.

நமக்குக் கல்கத்தாவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டவள், அங்கேதான் இருந்தாள்.

அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பிறகு அம்மாவுக்கு போன் செய்தேன். நோன்பு மாதம் அது; இங்கே நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது, அங்கே பாங்கு சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது. ஹலோ என்றதும், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தர மறுத்த பாஸ்வேர்டை, என் பெயரையும் வரிசை எண்ணையும், எழுத்து எழுத்தாகச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள்.

"அத வச்சு இப்ப நான் இன்னாடி பண்றது? உங்க அத்தாதான் கூடத்துல உக்காந்துகினு கீறாரே."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்ட எப்டிம்மா சொல்றது" என்றாள். "அத வுடு. உனக்குத் தொறக்க இன்னும் முக்கா மணி நேரம் கீது. தண்ணி எடுத்து பக்கத்துல வச்சுக்கோ."

இங்கே மணி என்ன என்று அவள் என்னைக் கேட்கவில்லை. நான் வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நீ கஞ்சி குடித்துவிட்டாயா என்று நான்தான் கேட்டேன்.

"குடிக்கிறேன், இன்னா அவசரம்? சூடா கீது. மூடி வச்சிருக்கேன்" என்றாள் அம்மா.